தோட்ட வீட்டுக்கு எத்தனை பேனல், எத்தனை பேட்டரி?

கேள்வி: மின்கம்பி எட்டாத தோட்டத்தில் வீடு கட்டியிருக்கிறோம். 6 எல்இடி பல்பு, 3 ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ், டிவி, அரை எச்.பி. மோட்டார், இவ்வளவுதான். 5 கிலோவாட் சோலார், காற்றில் கரண்ட் எடுக்கும் 1 கிலோவாட் காற்றாடி, 12 வோல்ட் 150 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி 8 போட்டால் கரண்ட் போகவே போகாது என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: போகாதுதான். வருடத்தில் சில நாள் அடைமழைக்காக, மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும் சாமானுக்கும் பணம் கட்டுவீர்கள், அவ்வளவுதான்.

முதலில் ஒரு நாள் செலவைப் பார்ப்போம். பல்புக்குக் கால் யூனிட், டிவிக்கும் அதே. ஃபிரிட்ஜ் ஏறக்குறைய ஒரு யூனிட். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் அரை யூனிட். 75 வாட் ஃபேன் மூன்றும் பத்து மணி நேரம் சுற்றினால் 2.25 யூனிட்! மொத்தம் 4.25-இல் பாதிக்கு மேல் ஃபேனே தின்றுவிடுகிறது. குறைந்த கரண்டில் சுற்றும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் அது 0.9 ஆகும், மொத்தமும் 3 யூனிட்டுக்குள் அடங்கும். சோலார் கடைக்கு முன்னால் ஃபேன் கடைக்குப் போங்கள்.

பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதைச் சேர்த்தால் தினம் 4 யூனிட் தயாராக வேண்டும். வெயில் மிகக் குறைந்த மாதத்தை வைத்துத்தான் பேனலை அளக்க வேண்டும். அந்த மாதத்தில் 1 கிலோவாட்டுக்குத் தினம் 2.5 யூனிட் கிடைக்கும் இடமென்றால் 1.6 கிலோவாட் போதும், 2 தாராளம்.

காற்றாடி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1 கிலோவாட் என்பது பெரும்பாலும் விநாடிக்கு 11, 12 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றுக்கான கணக்கு. வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும், அதாவது 125 வாட். மரங்களுக்கு நடுவே அதுவும் சந்தேகம். வெயில் குறையும் மாதங்களில் காற்று பலமாக வீசும் இடம், உயரமான கம்பம் நட வசதி, இரண்டும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அப்புறம் பேட்டரி. 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) என்றால், இரண்டையும் பெருக்க 1,800 வாட் ஹவர், அதாவது 1.8 யூனிட். லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் காலி செய்துகொண்டே இருந்தால் சீக்கிரம் போய்விடும் என்பதால் கைக்கு வருவது 0.9. நான்கு இருந்தால் வெயிலே இல்லாத ஒரு நாளைத் தாங்கும். அடுத்தடுத்த இருட்டு நாட்களுக்காக இன்னும் நான்கு அடுக்குவதைவிட ஒரு சின்ன ஜெனரேட்டர் மேல். பேட்டரி சும்மா இருந்தாலும் வயதாகும்.

மோட்டாரை உச்சி வெயிலில் மட்டும் ஓட்டுங்கள். கிளம்பும்போது அது பல மடங்கு கரண்ட் இழுக்கும். இன்வெர்ட்டர் தாங்குமா என்பதை வாயால் கேட்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் உங்கள் மோட்டாரையே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.