"மறுபடியும் வருவேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்"

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. போன வருஷம் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தோடு நேபாளத்துக்கு ஊழியப் பயணம் போனேன். காட்மாண்டு பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் பத்து நாள் தங்கினோம். பாட்டும் கைவேலையும் சொல்லிக் கொடுத்தோம், சுவருக்குப் பெயின்ட் அடித்தோம். முதல் நாளே ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். பத்து நாளும் என் துப்பட்டாவை விடவில்லை. "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதற்குள் தமிழ் கற்றுக்கொண்டாளே என்று எல்லோரும் சிரிப்போம். கிளம்பிய அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதாள். அடுத்த வருஷம் வருவேன் என்று சைகையிலேயே சொல்லிவிட்டு வந்தேன். இந்த வருஷம் 14 பேர் போகிறோம், தலைக்கு 42,000 ரூபாய். ஆயர் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. மீதிக்குச் சீட்டு எடுக்கலாம் என்றிருக்கிறேன். அப்பாவோ, "ஏனம்மிணி, நம்மூர்ல பிள்ளைகளே இல்லியா?" என்கிறார். போகாவிட்டால் அவள் காத்திருப்பாள். போனாலும் மறுபடி அழவைத்துவிட்டுத்தான் வரவேண்டும். வேண்டாம் என்று சொன்னால் நான் பின்வாங்கிப் போய்விட்டதாகச் சபையில் பேசுவார்கள். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அம்மிணி, கடிதத்தோடு நீ வைத்திருந்த போட்டோவை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. பிள்ளையின் பெயரையும் எடுத்துவிட்டேன். நம் நாட்டில் இல்லத்தில் வளரும் பிள்ளையை அடையாளம் காட்டும்படி பெயரோ படமோ வெளியிட்டால், 2015-ம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம். எல்லை தாண்டிய பிள்ளைக்கு அந்த மரியாதை இல்லாமல் போய்விடுமா? உங்கள் குழுவினர் ஃபேஸ்புக்கில் போட்ட படங்களையும் எடுத்துவிடச் சொல். இது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை.

உன் கேள்விக்கு என் பதில்: இந்தப் பயணம் வேண்டாம். உன் மனசு கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அழவைத்துவிட்டு வரவேண்டுமே என்று எழுதியிருக்கிறாயே, அந்த உறுத்தல்தான் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது.

முதல் நாளே மடியில் ஏறினாள் என்கிறாய். உன் அக்கா பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, முன்பின் பார்க்காத ஒருத்தி வந்த ஐந்தாவது நிமிஷம் அவள் மடியில் ஏறுமா? அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். முகம் பழக ஒரு நாளாவது ஆகும். ஒளிந்துகொள்ளச் சேலை இல்லாத பிள்ளைதான் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் தாவும். உன்னைப் பிடித்துப் போய்த்தான் வந்தாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் உனக்கு முன் வந்த குழுவிலும் ஒருத்தியிடம் தாவியிருப்பாள், உனக்குப் பின் வந்த குழுவிலும் தாவியிருப்பாள். ஒவ்வொருத்தியும் பத்தாம் நாள் வேனில் ஏறியிருப்பாள்.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. தாராபுரம் பக்கம் ஒரு மிஷன் விடுதியில் என் அம்மா மேட்ரனாக இருந்தார். நான் அந்த வளாகத்திலேயே வளர்ந்தேன். வருஷா வருஷம் மார்கழி, தை வாக்கில் வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். ஒரு வாரம் முன்னாலேயே சுண்ணாம்பு அடிப்பார்கள். பிள்ளைகளுக்குப் புது கவுன், ரிப்பன், வரவேற்புப் பாட்டு. ஒரு வருஷம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா என் வயதுப் பிள்ளை ஒருத்தியை மூன்று நாள் இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. அவர் போனபிறகு அந்தப் பிள்ளை சாயங்காலம் ஆனால் கேட் ஓரக் கல்லில் போய் உட்கார்ந்துவிடும். சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்து வராது. எத்தனை நாள் அப்படி உட்கார்ந்தது என்று எனக்கு நினைவில்லை. என் அம்மா போய்த் தூக்கிக்கொண்டு வருவது மட்டும் நினைவிருக்கிறது.

அவளைப் பெற்றவள் மூலனூர்ப் பக்கம் தோட்டங்காடுகளில் புகையிலைக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை தூக்குப்போசியில் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு வருவாள். வாராவாரம் வர பஸ்ஸுக்குக் காசில்லை. கடல் தாண்டி வந்த விமான டிக்கெட்டுக்குப் பணம் இருந்தது, சுண்ணாம்புக்கு இருந்தது, ரிப்பனுக்கு இருந்தது. அந்த அம்மாவின் பஸ் காசு ஒருவர் கணக்கிலும் வரவில்லை. நாற்பது வருஷம் கழித்துத்தான் எனக்கே அது உறைத்தது.

நேபாளத்துக் கதையும் இதேதான், அளவு பெரியது. உலகம் முழுக்க இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றவர்களில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-ல் எழுதியது. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுச் சண்டை. ஹும்லா மாதிரி எட்டாத மலை மாவட்டங்களில் தரகர்கள் வந்து, பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளியில் சேர்க்கிறோம் என்று சொல்லிப் பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு கூட்டிப்போனார்கள். பட்டணத்தில் காகிதத்தில் அந்தப் பிள்ளை அநாதை ஆனது. அங்கே பதிவு பெற்ற இல்லங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, அப்போதிருந்த 75 மாவட்டங்களில் வெறும் ஐந்தில்தான் இருந்தன: காட்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன். சுற்றுலாக்காரர்கள் போகிற மாவட்டங்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் அந்த ஐந்து மாவட்டத்தில் மட்டும்தான் பிறந்தார்களா? பார்க்க ஆள் வரும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள், கண்ணு.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். 2011-ல் நம் கோவை மாவட்டத்திலேயே ஓர் இல்லத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட நேபாளச் சிறுமிகள் மீட்கப்பட்டார்கள். அநாதைகள் என்று வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்குச் சொல்லப்பட்ட பிள்ளைகள். ஹும்லாவில் அவர்களைத் தேடிக்கொண்டு பெற்றோர் இருந்தார்கள். அந்தச் செய்தியை அன்று படித்தபோது எனக்கு அந்தக் கேட் ஓரக் கல்தான் கண்ணில் வந்தது.

நீ போன இல்லமும் அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அதைத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. எங்கள் தெருவில் ராத்திரி ரோந்து வரும் கூர்க்காவின் குடும்பம் நேபாளத்துக்காரர்கள். அவருடைய மூன்று வயது மகன் நாள் முழுக்கத் தன் தாயைக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். "ஆமா! ஆமா!" என்றுதான் கூப்பிடுவான். நேபாளியில் ஆமா என்றால் அம்மா.

அவள் உன்னை அம்மா என்று கூப்பிட்டாளா, தன் அம்மாவைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொல்ல வந்தாளா, தெரியாது. பத்து நாள் சொல்லியிருக்கிறாள். போன வருஷம் போன உங்கள் குழுவில் அவள் பாஷை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. இதற்காக உன்னை நீயே கரித்துக்கொள்ளாதே. ஆனால் மறுபடி ஒரு குழு பாஷை தெரியாமல் போய் அதைக் கேட்டுச் சிரிக்க நீ காரணமாக இருக்காதே.

உங்கள் அப்பா சொன்னதில் பாதிதான் சரி. தூரம் ஒரு குற்றமில்லை. லண்டன் மிஷன் மிஷனரி அடிஸ் ஐயர் 1830-ல் கோயம்புத்தூருக்கு வந்தாரே, அவரிடமும் யாராவது உங்கள் ஊரில் ஆளில்லையா என்று கேட்டிருப்பார்கள். அவர் வந்து தமிழ் படித்தார், பள்ளி வைத்தார், இங்கேயே வருஷக்கணக்கில் இருந்தார். நம் சபைகளில் அவர் மாதிரி மிஷனரிகளைச் சொல்லித்தான் ஊழியப் பயணத்துக்கு ஆள் சேர்க்கிறோம். பாஷை படித்ததையும் தங்கியதையும் விட்டுவிட்டு, கப்பல் ஏறியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஆயர் இந்தப் பயணத்துக்கு யாக்கோபு 1:27-ஐ வைத்துத்தான் பிரசங்கம் செய்திருப்பார். திரும்ப எடுத்துப் படி. "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறது" என்று பிள்ளையையும் விதவையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. நாம்தான் பிள்ளையை மட்டும் பிரித்தெடுத்து ஓர் இல்லத்தில் வைத்துவிட்டு, விதவையை மறந்துவிட்டோம்.

இனிப் பணக் கணக்கு. 14 பேருக்கு 42,000 வீதம் 5,88,000 ரூபாய். நம் அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், வறுமையால் பிள்ளையை இல்லத்தில் விட்டுவிடும் நிலையில் இருக்கும் விதவைத் தாய் மாதிரியானவர்களுக்கு, பிள்ளை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். அதே அளவில் கொடுத்தாலும் உங்கள் பணத்தில் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு வருஷம் தாயோடு இருக்கவைக்கலாம், மீதியும் இருக்கும். கொடுக்கக்கூட வேண்டாம். இப்படி ஒரு திட்டம் இருப்பதே பல தாய்மாருக்குத் தெரியாது. கிராமமானால் வருட வருமானம் 72,000-க்குள், நகரமானால் 96,000-க்குள் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. விண்ணப்பம் எழுதவும், வருமானச் சான்று வாங்கவும், நாலு தடவை அலையவும் ஒரு படித்த பிள்ளை கூடப் போனால் போதும். உங்கள் வாலிபர் கூட்டத்தில் அப்படிப் பதினான்கு பேர் இருக்கிறீர்கள்.

உன் வேலை பனியன் கம்பெனியில். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் உன் கம்பெனியைச் சுற்றியே லைன் வீடுகளில் இருக்கும். பிறப்புச் சான்று இல்லை, டிசி இல்லை என்று பள்ளிக்குப் போகாமல் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நீயே பார்த்திருப்பாய். வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. டிசி தாமதமாவதும் காரணமாகாது. அந்தத் தாயோடு போய்த் தலைமை ஆசிரியரிடம் நின்று பேசு. சாயங்காலம் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடு. பத்தாம் நாள் நீ எங்கேயும் போக மாட்டாய், மறுநாளும் அதே தெருவில்தான் இருப்பாய். அதுதான் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது.

நேபாளத்தை விடவே மனமில்லை என்றால், பிள்ளைகளைத் தாய் தகப்பனிடம் திரும்பச் சேர்க்கும் வேலையை அந்நாட்டுக்காரர்களே செய்கிறார்கள், விசாரித்து அவர்களுக்குக் கொடுங்கள். இல்லை, இமயமலை பார்க்க ஆசையா? சுற்றுலாவாகவே போய்வாருங்கள். அதில் ஒரு பாவமும் இல்லை. ஒன்றை மட்டும் ஆயருக்குச் சொல்லிவிடு: அங்கே 2018 ஆகஸ்ட் முதல் அமலில் இருக்கும் குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவது குற்றம். ஐந்து வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம், வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து நாடு கடத்துவார்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். கேள்விக்குப் பதில் சொல்ல உள்ளூர் விசுவாசிகள்தான் நிற்பார்கள்.

ஆயரிடம் கூட்டத்தில் வைத்துப் பேசாதே. பத்துப் பேர் முன்னால் யாரும் இறங்கிவர மாட்டார்கள். ஒரு சாயங்காலம் ஆயர் அம்மாவும் இருக்கும்போது வீட்டுக்குப் போ. போன வருஷம் நீயே போய்வந்தவள், உன் சாட்சிக்கு எடை உண்டு. கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோ. ஆமா என்றால் என்ன என்றும் சொல். ஏலத்தில் ஒரு தேங்காயை 500 ரூபாய்க்கு எடுத்தவர்கள் நேபாளத்துக்கு என்று நினைத்துக் கொடுத்தார்கள். வேறு காரியத்துக்கு மாற்றுவதாக இருந்தால் ஆராதனை முடிந்து அறிவித்து, அவர்கள் சம்மதம் கேட்ட பிறகே தொட வேண்டும். பின்வாங்கிப் போனாய் என்று ஓரிருவர் சொல்லத்தான் செய்வார்கள். சொல்லட்டும், கண்ணு. சீட்டை மட்டும் இதற்காக எடுக்காதே.

கடைசியாக, நீ கொடுத்த வாக்கு. இதற்குத்தான் இரண்டு நாள் யோசித்தேன். போய்ப் பார்த்தால் வாக்கு நிறைவேறும், ஆனால் பதினோராம் நாள் மறுபடி அதே கேட். சும்மா இருந்துவிட்டால் இன்னொருத்தியும் மறந்துவிட்டாள் என்றாகும். அதனால் எழுது. நேபாளி எழுதத் தெரிந்தவர் திருப்பூரில் கிடைப்பார், பேக்கரியிலும் ஃபாஸ்ட் ஃபுட் கடையிலும் விசாரித்துப் பார். இந்த வருஷம் என்னால் வர முடியாது, உன்னை நான் மறக்கவில்லை என்று அவளுக்குப் புரிகிற மாதிரி நாலு வரி போதும். எப்போது வருவேன் என்று எதுவும் எழுதாதே. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது தவறாமல் எழுத முடியும் என்றால் மட்டும் தொடங்கு.

இல்லத்துப் பொறுப்பாளருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. தசைன் பண்டிகைக்கு நேபாளத்தில் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்ப் பெரியவர்கள் கையால் நெற்றியில் டிக்கா வைத்துக்கொள்வார்கள், நமக்குக் கிறிஸ்துமஸ் மாதிரி, நோம்பி மாதிரி. போன தசைனுக்கு உங்கள் இல்லத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள் என்று கேள். அவள் போனாளா என்று கேள். அவளுடைய அம்மாவின் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேள். என்ன பதில் வந்தாலும், பதிலே வராவிட்டாலும், எனக்கு எழுது.