ஆறு படத்தோடு கமரா நின்றுவிடுகிறது: பழுது எங்கே?

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாட்டுவண்டிச் சவாரி, கோயில் திருவிழா என்று படமெடுக்கிறேன். பாவித்ததாக வாங்கிய நிக்கோன் டி7100. ரோவில்தான் எடுப்பேன். வண்டிகள் எல்லைக்கோட்டை நெருங்கும்போது பட்டனை அமத்திப் பிடித்தால் ஆறு படம் விழுகிறது, பிறகு கமரா இறுகி நின்றுவிடுகிறது. மறுபடி எடுக்க விடுவதற்குள் வண்டி போய்விடும். '200' என்று எண் போட்ட மெமரி காட் ஒன்றை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். கமராவில் பழுதா? காட்டை மாற்றினால் சரிவருமா?"

கமராவில் பழுது இல்லை. 2013இல் வந்த இந்த மொடலின் குணமே அதுதான். காட்டை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். மற்றப் பாதி உங்கள் மெனுவில் இருக்கிறது. காசு செலவழிக்க முன்னர் மெனுவைத் திறப்பது நல்லது.

எடுக்கிற படம் நேரே காட்டுக்குப் போவதில்லை. முதலில் கமராவுக்குள் இருக்கும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தேங்கி, அங்கிருந்துதான் காட்டில் எழுதப்படுகிறது. இரணைமடுவை நினைத்துக்கொள்ளுங்கள். கனகராயன் ஆற்றில் வருகிற வரத்து ஒன்று, குளத்தின் கொள்ளளவு இன்னொன்று, துருசால் வெளியேறும் தண்ணீர் மூன்றாவது. ரோ என்பது கமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு, பிட் எண் கூடினால் அதில் ஒளி விவரமும் கூடும். உங்கள் கமராவில் 14 பிட் ரோ படம் ஒன்று ஏறத்தாழ 28 மெகாபைட். செக்கனுக்கு 5 படம் என்றால் வரத்து 140 மெகாபைட். குளமோ ஆறு படத்தோடு நிறைந்துவிடும். காட் எழுதும் வேகம்தான் துருசு. துருசைப் பெருப்பித்தால் குளம் கெதியாய் வற்றும், ஆனால் கொள்ளளவு கூடாது. அதாவது நல்ல காட் போட்டாலும் முதல் ஓட்டத்தில் அதே ஆறு படம்தான், மிஞ்சினால் ஏழு. குறைவது அதற்குப் பின் காத்திருக்கும் நேரம். கடைக்காரர் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

அந்தக் காத்திருப்பை நீங்களே அளந்து பார்க்கலாம். சட்டர் வேகத்தை 1/500, ஐஎஸ்ஓவை 400 என்று கையால் வைத்துவிட்டு, முற்றத்து மரம் ஒன்றைப் பார்த்து கமரா நிற்கும்வரை பட்டனை அமத்துங்கள். கையை எடுத்ததும் போனில் நேரம் பிடியுங்கள். காட் மூடிப் பக்கம் இருக்கும் சின்னப் பச்சை விளக்கு அணையும்வரை எழுத்து நடக்கிறது என்று அர்த்தம். ஆறு படம் என்றால் 168 மெகாபைட். எட்டு செக்கனுக்கு மேல் எரிந்தால் உங்கள் காட் செக்கனுக்கு 20 மெகாபைட் அளவில்தான் எழுதுகிறது, மாற்றத்தான் வேண்டும். இரண்டரை, மூன்று செக்கனில் அணைந்தால் காட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளக்கு எரியும்போது பற்றரியையோ காட்டையோ கழற்ற வேண்டாம்.

சிலவேளை விளக்கு எரியாமலே கமரா படமெடுக்க மறுக்கும். அது பஃபர் அல்ல, ஃபோகஸ் கிடைக்காமல் நிற்பது. ஓடுகிற வண்டிக்கு, ஃபோகஸைத் தொடர்ந்து சரிசெய்துகொண்டே இருக்கும் ஏஎஃப்-சி முறையில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

சரி, இனி மெனு. பட்டனைப் பாதி அமத்தினால் வியூஃபைண்டரில் ஆர் என்ற எழுத்தோடு ஓர் எண் தெரியும். பஃபரில் இன்னும் எத்தனை படத்துக்கு இடமிருக்கிறது என்று கமரா சொல்லும் கணக்கு அது. ஒவ்வொரு மாற்றத்தையும் செய்துவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள், எது இடத்தை விழுங்குகிறது என்று தெரிந்துவிடும். லென்ஸால் வரும் கோணலை நிமிர்த்தும் ஆட்டோ டிஸ்டோர்ஷன் கொன்ட்ரோலையும், புள்ளி இரைச்சலைக் குறைக்கும் லோங் எக்ஸ்போஷர் நொய்ஸ் ரிடக்ஷனையும் நிறுத்திவிடுங்கள். பின்னால் சொன்னது, ஒரு செக்கனுக்கு மேல் சட்டர் திறந்திருக்கும் படங்களுக்கானது. பகல் சவாரியில் அதற்கு வேலையே இல்லை, ஆனாலும் இயக்கத்தில் இருந்தால் பஃபரில் இடம் குறையும். இரண்டாவது காட் துளையையும் கவனியுங்கள். பிரதி எடுக்கும்படி வைத்திருந்தால் ஒவ்வொரு படமும் இரண்டு தடவை எழுதப்படும், அதில் மெதுவான காட்டின் வேகமே உங்கள் வேகம். கலியாண வீட்டில் பிரதி அவசியம், நானும் அப்படித்தான் சொல்வேன். சவாரிக்கு, ஒரு காட் நிறைந்தபின் மற்றதில் எழுதும் ஓவர்ஃப்ளோ போதும்.

பெரிய மாற்றம் கோப்பு வகையில் இருக்கிறது. ரோவையும், கமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கையும் சேர்த்து எடுப்பதென்றால் முதலில் அதை விடுங்கள். ரோ கட்டாயம் வேண்டுமென்றால் 12 பிட், கம்ப்ரெஸ்ட் (சுருக்கியது) என்று மாற்றுங்கள். ஆறு படம் ஒன்பதாகும், வேகமும் செக்கனுக்கு 6 ஆகும். வெயிலில் எடுத்த சவாரிப் படத்தில் 12 பிட்டுக்கும் 14 பிட்டுக்கும் கண்ணுக்குப் பிடிபடும் வித்தியாசம் இருக்காது.

ஆனால் சவாரிக்கு என் யோசனை ஜேபெக் ஃபைன்தான். பெரிய அளவில், கோப்பின் அளவைச் சீராக வைக்கும் சைஸ் பிரயோரிட்டியில் வைத்தால் பஃபரில் முப்பதுக்கு மேற்பட்ட படம் பிடிக்கும். ஐந்து செக்கனுக்கு மேல் விடாமல் எடுக்கலாம். நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் 1.3 மடங்கு குறொப் முறைக்கு மாறினால் படம் 15 மெகாபிக்சலாகச் சுருங்கும், வேகம் செக்கனுக்கு 7 ஆகும். திடலின் ஓரத்தில் கயிற்றுக்கு வெளியே நிற்கிறவருக்கு வண்டி இன்னும் கிட்ட வந்தது போலவும் இருக்கும். பத்திரிகைக்கும் முகநூலுக்கும் அந்த அளவு தாராளம். ஒன்றில் மட்டும் கவனம்: உச்சி வெயிலில் வெள்ளைக் காளையின் முதுகு வெளிறிப்போனால் ஜேபெக்கில் மீட்க முடியாது. வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டொப் குறைத்து வைத்து, முதல் வண்டி போனதும் திரையில் பெருப்பித்து அந்த முதுகைப் பாருங்கள். மயிர் தெரிந்தால் சரி.

வற்றாப்பளைப் பொங்கல் போன்ற இரவு வேலைக்கு ரோவே நல்லது. அங்கே ஒரு செக்கனில் ஆறு படம் யாருக்கும் தேவைப்படாது. ஃபிளாஷ் போடுகிறவர்களுக்குத் தாமதம் பெரும்பாலும் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஏறுவதில்தான், காட்டில் அல்ல.

அடுத்தது கை. வண்டி தூரத்தில் புழுதி கிளப்பும்போதே அமத்தத் தொடங்கினால் எல்லைக்கோட்டுக்கு வரும்போது பஃபர் நிறைந்திருக்கும். எந்தக் கணம் வேண்டும் என்று முன்னரே தீர்மானியுங்கள். காளைகளின் முன்கால்கள் நிலத்தைவிட்டு எழும்புவதா, சாரதி எழும்பி நின்று கயிற்றை இழுப்பதா? அதற்குச் சற்று முன் தொடங்கி மூன்று படம், விட்டு, மறுபடி மூன்று. விடுகிற இடைவெளியில் பஃபரில் இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இனி அந்த '200' காட். முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் வாசிக்கும் வேகம், அதாவது கணினிக்குப் படத்தை மாற்றும்போது கிடைப்பது. உங்களுக்கு வேண்டியது எழுதும் வேகம். யு எழுத்துக்குள் 3 இருந்தாலோ, வி30 என்று இருந்தாலோ செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைட் என்று பொருள். வி60 என்றால் 60, வி90 என்றால் 90. வெறும் 10 மட்டும் போட்ட காட்டுக்கு உத்தரவாதம் 10தான். டி7100, காட் வேகத்துக்கான தரங்களில் யுஎச்எஸ்-1 வகைக்குரிய கமரா. அந்த வகையின் உச்சமே செக்கனுக்கு 104 மெகாபைட். பின்பக்கம் இரண்டு வரிசை ஊசித்தொடுப்பு உள்ள யுஎச்எஸ்-2 காட் இதில் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான். அதற்குக் கொடுக்கிற மேலதிகக் காசு வீண். நல்ல பெயருள்ள வி30 காட் 64 ஜிபியில் இரண்டு வாங்குங்கள், போதும். மைக்ரோ காட்டை அடாப்டரில் செருகிப் பாவிப்பதை விடுங்கள், தொடுப்பு ஒன்று கூடினால் பிழை வர ஒரு வழி கூடும்.

போலிக் காட்டுகள் நம்மூர்ச் சந்தையிலும் புழங்குகின்றன, பெட்டியைப் பார்த்துப் பிடிக்க முடியாது. வாங்கிய அன்றே விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் காட்டை முழுதாக நிரப்பிச் சோதியுங்கள். மெக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 அதே வேலையைச் செய்யும். சொன்ன கொள்ளளவு உண்மையா என்றும் எழுதும் வேகம் எவ்வளவு என்றும் காட்டிவிடும். பற்றுச்சீட்டை அதுவரை எறிய வேண்டாம். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் முன், பழைய படங்கள் வேறு இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, காட்டைக் கமராவிலேயே ஃபோர்மட் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்தும், ரோவில்தான் நீளமாக எடுக்க வேண்டும் என்றால் கமராவை மாற்றுவதுதான் வழி. 2015இல் வந்த டி7200 அதே 14 பிட்டில் 18 படம் பிடிக்கும், உங்கள் லென்ஸும் பற்றரியும் அப்படியே பொருந்தும். 2016இல் வந்த டி500, எக்ஸ்கியூடி என்ற வேறு வகைக் காட்டோடு செக்கனுக்கு 10 வீதம் 200 ரோ படம் எடுக்கும், ஆனால் அந்தக் காட்டின் விலையையும் விசாரித்துவிட்டு இறங்குங்கள். பாவித்த கமரா வாங்கப் போகும்போது உங்கள் காட்டைக் கையோடு கொண்டுபோய், மேலே சொன்ன பச்சை விளக்குச் சோதனையை விற்கிறவர் முன்னாலேயே செய்து பாருங்கள்.