வாசகர் கேள்வி: சைகோனில் ஒரு பகல், தனியாக

கேள்வி: என் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து சைகோனில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அலுவலக வேலையாக அடுத்த மாதம், இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் அதே வியட்நாமிய ஊருக்குச் செல்கிறேன். வேலை முடிந்தபின் ஒரே ஒரு நாள் மீதமிருக்கிறது. துணைக்கு யாரும் இல்லை. போர்க்காலத்தில் கெரில்லாக்கள் பதுங்கியிருந்த கூச்சி சுரங்கங்களைப் பார்க்காமல் வரக்கூடாது என்கிறார்கள். அந்த நாளை எப்படிச் செலவிடலாம்?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கூச்சியை விட்டுவிடுங்கள். போய்வரவே அரை நாள் கரைந்துவிடும். அதைவிட, உங்கள் தாத்தா நடந்திருக்கக்கூடிய தெருக்களிலேயே அந்தப் பகலைக் கழிக்கலாம். பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் பழைய நகர மையத்தில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லும் தூரத்தில் இருக்கின்றன.

காலையில், வெயில் ஏறும் முன், பென் தான் சந்தைக்கு அருகே துருவோங் டின் தெருவில் உள்ள மாரியம்மன் கோயிலில் தொடங்குங்கள். நம்மவர்கள் கட்டிய கோயில்தான் என்றாலும், இன்று அங்கே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும். கற்பூரத்துக்குப் பதில் கட்டுக்கட்டாக ஊதுபத்தி புகையும். கருவறையின் பின்புறம் சென்று, கற்சுவரில் முகத்தைப் பதித்து, அம்மனின் காதில் சொல்வதுபோல வேண்டுதலை முணுமுணுக்கும் பெண்களைப் பார்க்கலாம். 'இந்திய அம்மன் கோயில்' என்று பொருள்படும் பெயரில்தான் உள்ளூரார் அதைக் குறிப்பிடுகிறார்கள். வட்டித்தொழில் செய்யச் சென்ற நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் சற்றுத் தள்ளி டோன் தாட் தியெப் தெருவில் இருக்கிறது. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட புதுச்சேரிக்காரர்கள் பலர், எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் இந்த ஊருக்கு வந்தவர்கள் என்பது உங்கள் வீட்டில் பேசிக் கேட்ட செய்தியாகவே இருக்கும்.

அங்கிருந்து தென் வியட்நாமின் முன்னாள் அதிபர் மாளிகைக்கு நடந்துவிடலாம். 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாமின் டாங்கிகள் வாயிற்கதவை இடித்துக்கொண்டு நுழைந்த இடம் அது; மாடிகளைவிட, கம்பியில்லாத் தந்திக் கருவிகள் வரிசையாக இருக்கும் நிலவறைதான் என் மனத்தில் நின்றது. அடுத்தது 1877-க்கும் 1880-க்கும் இடையில் கட்டப்பட்ட நோத்ர் தாம் பேராலயம். அதன் செங்கற்கள் மர்செய் நகரிலிருந்து கப்பலில் வந்தவை. நீண்ட காலமாகப் புதுப்பிப்பு வேலை நடப்பதால், உள்ளே போக முடியாவிட்டால் ஏமாற வேண்டாம். எதிரிலேயே தலைமை அஞ்சலகம் இருக்கிறது.

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் நீங்கள் நாள்தோறும் கடந்து போகும் அதே மஞ்சள் சுவர். 1891-இல் முடிந்த இந்த அஞ்சலகக் கட்டடத்தை, பாரிஸ் கோபுரத்தால் புகழ்பெற்ற ஈஃபில் வடிவமைத்ததாக வழிகாட்டிகள் பலர் சொல்வதை நம்பாதீர்கள். வடிவமைத்தவர் ஃபூலூ என்ற வேறொரு பிரெஞ்சுக்காரர். உள்ளே நுழைந்ததும் பக்கச் சுவரில், தென் வியட்நாம், கம்போடியாவின் தந்தித் தடங்களைக் காட்டும் வரைபடம் ஒன்று பிரெஞ்சு எழுத்துகளோடு இருக்கும். மற்றப் பயணிகள் அதன் முன்நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிரெஞ்சு தெரிந்த உங்களால் அதைப் படிக்க முடியும். இன்றும் இயங்கும் அஞ்சலகம் என்பதால், ஓர் அட்டையை வாங்கி முத்தியால்பேட்டை முகவரிக்கே அனுப்பலாம்.

போர் நினைவு அருங்காட்சியகத்தை மதிய வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போரில் தெளிக்கப்பட்ட 'ஏஜென்ட் ஆரஞ்ச்' என்ற நச்சுக் களைக்கொல்லியின் விளைவுகளைக் காட்டும் அறை மிகவும் கனமானது. தனியாகச் செல்பவர் அதை நாளின் கடைசி நிகழ்ச்சியாக்கக் கூடாது என்பது என் கருத்து. வெளியே வந்தபின் 2024 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோவில் பென் தானில் ஏறி, பா சோன் நிலையத்தைத் தாண்டி வண்டி தரைக்கு மேலே வரும் வரையாவது போய்த் திரும்புங்கள்.

கேள்வி: லாரன்ஸ் ரோட்டைக் கடப்பதே எனக்குப் பெரும்பாடு. அந்த ஊரில் மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம்போல வரும் என்கிறார்களே, தனியாக எப்படிக் கடப்பது? பணத்தில் ஏமாற்றுவார்களா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: மெதுவாக, ஒரே சீராக நடக்க வேண்டும், நடுவில் திடீரென நிற்கவோ பின்வாங்கவோ கூடாது. நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கணித்துத்தான் அவர்கள் விலகுகிறார்கள். பஸ்ஸும் காரும் அப்படி விலகா, அவை போகட்டும். கைப்பேசியைச் சாலைப் பக்கக் கையில் பிடிக்காதீர்கள், வண்டியில் வந்து பறித்துச் செல்பவர்கள் உண்டு.

பணத்தில் நாமே ஏமாறுவதுதான் அதிகம். அந்நாட்டுப் பணமான டாங்கில் 20,000 தாளும் 5,00,000 தாளும் இரண்டும் நீலம். முன்னது சுமார் 70 ரூபாய், பின்னது 1,700 ரூபாய்க்கு மேல். பிளாஸ்டிக் தாள்களாதலால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். இளநீருக்கு நான் பெரிய தாளை நீட்டிவிட்டு நடக்க, விற்ற அம்மா பின்னால் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துத் திருப்பிக் கொடுத்தார். பெரிய தாள்களைத் தனிப் பையில் வையுங்கள்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாக. சைவத்துக்கு அவர்கள் சொல் 'சாய்'. காய்கறி மட்டும் என்று சொன்னால் போதாது; மீன் சாறு ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பௌத்தர்கள் பலர் புலால் உண்ணாததால், அந்த நாட்களில் 'சாய்' கடைகளில் இடம் பிடிக்கச் சற்று முன்னதாகவே போங்கள்.