தவிசாளரின் பழைய தொழில் என்ன?

பணிப்பாளர்களின் கடமைகள் பற்றி முன்பு எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விமான நிலையம் பற்றியவை. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் பயணிகள் விமானம் இறங்கத் தொடங்கியதிலிருந்து ஓடுபாதையின் நீளம் முதல் பயணப்பொதியின் எடை வரை நம் ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். அதை நடத்தும் கம்பனியின் மேசையைச் சுற்றி யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கம்பனிச் செயலாளராகவே காலம் கழித்த எனக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

சுன்னாகம் வாசகர்: பலாலிக்கெனத் தனிப் பணிப்பாளர் சபை இருக்கிறதா? தலைமைக்கு எப்போதும் படைத்துறையினர்தானா வருகிறார்கள்?

தனிச் சபை இல்லை. 1983இல் தொடங்கப்பட்ட, முழுவதும் அரசுக்குச் சொந்தமான விமான நிலைய மற்றும் விமான சேவைகள் நிறுவனம்தான் கட்டுநாயக்க, மத்தள, இரத்மலானை, மட்டக்களப்பு ஆகியவற்றோடு யாழ்ப்பாணத்தையும் நடத்துகிறது. ஐந்துக்கும் ஒரே சபை. உங்கள் ஊர் ஓடுபாதை பற்றிச் சபைக்குப் போகும் பத்திரம், கட்டுநாயக்கவின் இரண்டாவது முனையம் பற்றிய பத்திரத்துக்கு அடியில் கிடக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

'எப்போதும்' என்பது மிகை. ஆனால் உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020இல் தவிசாளராக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி. யாழ்ப்பாணத்தாருக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இங்கே பாதுகாப்புப் படைகளின் கட்டளைத் தளபதியாகவும், 2009 முதல் 2015 வரை வடமாகாண ஆளுநராகவும் இருந்தவர். 2024 ஆட்சி மாற்றத்தின் பின் அந்தக் கதிரைக்கு நியமிக்கப்பட்ட ஹர்ஷ அபேவிக்ரம விமானப்படையின் முன்னாள் தளபதி.

விமானப்படைக்காரருக்கு ஓடுபாதையும் ராடரும் தீயணைப்பும் கைவந்தவை. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விமானப்படைத் தளத்துக்குப் பயணியைத் தேடி அலையும் வேலை இல்லை. பலாலிக்கு இருக்கிறது. 2019 ஒக்டோபரில் திறந்து, 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடி, 2022 டிசம்பரில்தான் சென்னைச் சேவை மீண்டும் வந்தது. பிறகு இண்டிகோ வந்தது, திருச்சியும் சேர்ந்தது. இன்னொரு விமான நிறுவனத்தை இங்கே வரச் சொல்லிப் பேரம் பேசத் தெரிந்தவர் அந்தச் சபையில் எத்தனை பேர்? நான் தேடும் அனுபவம் அதுதான்.

கொக்குவில் வாசகர்: விமான நிலையத்தை நடத்த விமானியைவிடப் பொருத்தமானவர் உண்டா?

உண்டு, நிறையப் பேர். விமானம் விமான நிறுவனத்தினுடையது. விமான நிலையக் கம்பனியின் தொழில் ஏறத்தாழ நிலக்கிழாரின் தொழில். இறங்கும் கட்டணம், தரிப்புக் கட்டணம், பயணிக் கட்டணம், கடை வாடகை. சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையம் 2009இல் தனிக் கம்பனியானபோது அதன் தவிசாளரான லியூ மன் லியோங் கட்டடப் பொறியியலாளர். பெரிய நிலச் சொத்துக் கம்பனியொன்றின் தலைவர். 2020இல் அவர் விலகியபின் வந்த டான் கீ போ குடிநீர் வாரியத்தை நடத்தியவர். லண்டன் ஹீத்ரோவுக்கு 2016இல் தவிசாளரான டெய்ட்டன் பிரபு முதலீட்டு வங்கியாளர். 2012 ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைமை நிறைவேற்று அதிகாரி. மூவரில் ஒருவரும் விமானி இல்லை. விமானி ஒருவர் சபையில் இருந்தால் நல்லது. எல்லோரும் விமானிகளாக இருந்தால் கடை வாடகை ஒப்பந்தத்தை யார் வாசிப்பது?

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி: ஆண்டறிக்கைகளில் வரும் பணிப்பாளர் அறிமுகங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எப்படி வாசிப்பது?

பிள்ளை, பட்டங்களை முதலில் கையால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள். மிஞ்சுகிற வினைச்சொற்களைப் பாருங்கள். 'அங்கம் வகித்தார்', 'பங்களிப்புச் செய்தார்' என்றால் ஒன்றும் தெரியாது. 'கடனை மீளக் கட்டமைத்தார்', 'கேள்விப்பத்திரக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்' என்றால் ஏதோ செய்திருக்கிறார். அடுத்து ஆண்டுகளைப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒன்பது சபைகளில் இருப்பவர் எந்தச் சபையின் பத்திரத்தையும் முழுதாக வாசிப்பதில்லை. இது என் அனுபவம்.

அனுபவம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் செயலாளராக இருந்த ஒரு கம்பனியில் கூட்டத்துக்கு முதல்நாள் மாலைதான் கோப்பு போய்ச் சேரும். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். சபையில் இரண்டு பட்டயக் கணக்காளர்கள், ஒரு சட்டத்தரணி, ஓய்வுபெற்ற வைத்தியர், பிறகு பெரிய கடை வீதியில் இரும்புக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி. அவர் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். தேநீர் வருமுன் விரலை எச்சில்படுத்தி, முன்னுரை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நேரே கடன்பட்டோர் பட்டியலில் போய் நிற்பார். "இந்த ஆள் மூன்று மாதமாக ஏன் தரவில்லை? இவருக்கு ஏன் மறுபடியும் சரக்குப் போனது?" முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். கணக்காளர்கள் இருவரும் அப்போதுதான் அந்தப் பக்கத்தைத் தேடுவார்கள். அவருடைய அறிமுகம் ஆண்டறிக்கையில் இரண்டே வரி.

அதற்காகப் பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டத்துக்குச் சட்டம் ஒரு விலை வைத்திருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 189ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பணிப்பாளர் பொறுப்பற்றோ படுமோசமான கவனயீனத்தோடோ நடக்கக்கூடாது. அவருடைய அறிவும் அனுபவமும் உள்ள ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய திறமையையும் கவனத்தையும் காட்ட வேண்டும். ஆகவே கணக்காளர் 'இலக்கம் எனக்கு விளங்கவில்லை' என்று தப்பிக்க முடியாது. இரும்புக் கடை முதலாளி ஓரளவு தப்பலாம். அறிமுகப் பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்ளும் ஒவ்வொரு தகுதியும் அவர் கழுத்தைச் சுற்றும் கயிறும்தான். இதை அறிந்தால் சிலர் அறிமுகத்தைச் சுருக்கிக்கொள்வார்கள்.

நெல்லியடி வாசகர்: என் சித்தப்பாவுக்கு 72 வயது. பணிப்பாளராகலாமா?

பொதுக் கம்பனியென்றால் 70ஐத் தாண்டியவரை நியமிக்கப் பங்குதாரர் கூட்டத்தில் தனித் தீர்மானம் வேண்டும். வேறு பொதுக் கம்பனியின் கீழ் வராத தனியார் கம்பனியென்றால் வயது தடையில்லை. சித்தப்பாவுக்கு என் வாழ்த்துகள்.

கனடா, ஸ்காபரோ வாசகர்: வெளிநாட்டு மலையாளிகள் கொச்சியில் செய்ததுபோல நாமும் பலாலியில் பங்கு வாங்கி, நமக்கு வேண்டியவர்களைச் சபையில் வைக்க முடியாதா?

இன்றைய அமைப்பில் முடியாது. வாங்குவதற்குப் பங்கே வெளியே இல்லை. ஆனால் கொச்சிக் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கே பலர் அதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1994இல் கம்பனி தொடங்கியது, 1999 மே மாதம் விமான நிலையம் திறந்தது. முதலில் வளைகுடா மலையாளிகளிடம் வட்டியில்லா வைப்பாகப் பணம் கேட்டார்கள். எதிர்பார்த்தது வரவில்லை. பிறகுதான் பங்கு, வங்கிக் கடன், அரசுப் பணம் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. இன்று பல நாடுகளில் பரந்திருக்கும் ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள் இருந்தாலும் ஆகப்பெரிய பங்கு, ஏறத்தாழ மூன்றில் ஒன்று, கேரள அரசிடம். தவிசாளர் முதலமைச்சர். முகாமைத்துவப் பணிப்பாளர் பதவி இந்திய ஆட்சிப் பணி அதிகாரிக்கு. முதலில் அதில் இருந்தவர் வி. ஜே. குரியன். அமைச்சர்களோடு, அபுதாபியில் பெருங்கடைகள் நடத்தும் யூசுப் அலி போன்ற வணிகர்களும் அந்தச் சபையில் இருந்திருக்கிறார்கள்.

அதாவது சிறு பங்குதாரர் பணம் கொடுத்தார். கதிரை அவருக்குக் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் பெருங்கடை நடத்தத் தெரிந்தவரும், கோப்பு நகர்த்தத் தெரிந்த அதிகாரியும், அரசியல் தடையை நீக்கக்கூடியவரும் ஒரே மேசையில் இருந்தார்கள். 2015இல் அந்த நிலையம் முழுவதும் சூரிய மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. எனக்கு அந்தக் கலவை பிடித்திருக்கிறது. முதலமைச்சரே தவிசாளராக இருப்பது பிடிக்கவில்லை. அவரிடம் 'ஏன்' என்று கேட்கும் பணிப்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மானிப்பாய் வாசகர்: பணிப்பாளரின் சொந்தக் கம்பனியே விமான நிலையத்துக்குப் பொருள் விற்றால்?

விற்பது தானாகவே குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். அதே கம்பனிகள் சட்டத்தின் 192ஆம் பிரிவின்படி உடனே சபைக்கு வெளிப்படுத்தி, பணிப்பாளர்களின் சொந்த நலன்களைக் குறிக்கும் நலன்கள் பதிவேட்டில் பதிய வேண்டும். அரசுக் கம்பனியானால் கணக்காய்வாளர் நாயகமும் அரசுக் கம்பனிகளை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழுவும் பின்னால் வருவார்கள், சிலவேளை மிகவும் பின்னால்.

தெல்லிப்பழை வாசகர்: பணிப்பாளர்களின் பின்னணி உண்மையில் பயன்பட்ட சம்பவம் ஒன்று சொல்லுங்கள். உங்களிடம் ஒரு நியமனம் கொடுத்தால் யாரை வைப்பீர்கள்?

2025 மார்ச்சில் ஹீத்ரோவுக்கு மின்சாரம் கொடுக்கும் உபநிலையம் எரிந்து, விமான நிலையமே ஒரு நாள் மூடப்பட்டது. விசாரணைக்குச் சபை தெரிந்தெடுத்தது தன் சுயாதீன உறுப்பினரான ரூத் கெலியை. முன்னாள் போக்குவரத்து அமைச்சர், அதற்கு முன் பொருளியலாளர். அன்றிரவு தலைமை நிறைவேற்று அதிகாரியின் தொலைபேசி கட்டிலருகே ஒலியில்லாமல் கிடந்ததும், மூடும் முடிவை அவருக்கு அடுத்த அதிகாரி எடுத்ததும் அந்த அறிக்கையில் இருக்கின்றன. தன் கம்பனித் தலைவரின் தொலைபேசியைப் பற்றி எழுதும் துணிவு ஒருமுறை அமைச்சராக இருந்தவருக்குச் சற்று இலகுவாக வந்திருக்கும்.

நியமனம் என்னிடம் வந்தால், பலாலி அமைந்திருக்கும் வலிகாமம் வடக்கில் வேலை செய்த நில அளவையாளர் ஒருவரை வைப்பேன். 1990இல் போரால் அங்கிருந்து எழும்பிப் போனவர்களின் காணிகள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஓடுபாதையை நீட்டும் பத்திரம் மேசைக்கு வரும் நாளில், அந்தக் கோடு யாருடைய கிணற்றின்மேல் போகிறது என்று சொல்லத் தெரிந்த ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.