மூட்டைப்பூச்சி: கட்டிலின் மூட்டிலிருந்து தேடுங்கள்

இருபத்திரண்டு வருடமாகச் சென்னையில் பூச்சி ஒழிப்பு வேலை பார்க்கிறேன். கரையான், கரப்பான், எலி என்று எதைப் பற்றியும் மக்கள் சத்தமாகக் கேட்பார்கள். குரலைத் தாழ்த்திக் கேட்பது மூட்டைப்பூச்சிக்கு மட்டும்தான். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. தினமும் பெருக்கித் துடைக்கிற வீட்டுக்கும் அது வரும். அதற்கு வேண்டியது குப்பை இல்லை, அசையாமல் தூங்குகிற மனிதர். வந்த கேள்விகளை ஊர்ப் பெயரோடு போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

குரோம்பேட்டை: சார், பத்து நாளாகக் காலையில் எழுந்தால் கையிலும் கழுத்திலும் தடிப்பு. பக்கத்தில் படுக்கும் கணவருக்கு ஒன்றுமே இல்லை. கொசுவா, மூட்டைப்பூச்சியா?

தடிப்பை மட்டும் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதம்மா. மூன்று நான்கு தடிப்பு ஒரே வரிசையில், துணி மூடாத இடத்தில் இருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். கணவரையும் கடித்திருக்கும். சிலர் உடம்பு அதற்குத் தடிக்காது. சிலருக்குக் கடித்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தடிக்கும். அதனால் தோலை விட்டுவிட்டுக் கட்டிலைப் பாருங்கள்.

ஒரு டார்ச், ஒரு பழைய ஏடிஎம் கார்டு போதும். மெத்தையை நிமிர்த்தி, ஓரத் தையல் மடிப்பைக் கார்டால் பிரித்துக்கொண்டே போங்கள். பேனா மையால் புள்ளி வைத்த மாதிரி கறுப்புப் பொட்டுகள் இருக்கிறதா? ஈரப் பஞ்சை அதன் மேல் வைத்தால் பழுப்பாகக் கலங்கிப் பரவும். அது பூச்சியின் எச்சம், செரித்த ரத்தம். வெங்காயச் சருகு நிறத்தில் உரித்த தோல் கிடைக்கலாம். வெள்ளை ரவை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் முட்டை. வளர்ந்த பூச்சி தோலோடு இருக்கும் மைசூர்ப் பருப்பு அளவு, தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். குஞ்சு எள்ளை விடச் சின்னது, வெளிறிய நிறம், ரத்தம் குடித்தால் மட்டும் சிவப்பாகத் தெரியும்.

மெத்தையோடு நிறுத்திவிடாதீர்கள். பாதிப் பேர் அங்கேதான் தவறு செய்கிறார்கள். மரக் கட்டிலென்றால் தலைமாட்டுப் பலகையைக் கழற்றி அதன் பின்பக்கம், போல்ட் போகிற ஓட்டை, சட்டமும் காலும் சேரும் மூட்டு, அடிப்பலகையின் விளிம்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வேளச்சேரியில் ஒரு வீட்டில் இரண்டு முறை மெத்தை மாற்றியிருந்தார்கள். நான் தலைமாட்டுத் திருகாணி ஒன்றைக் கழற்றினேன். சுண்டுவிரல் நுனி போகிற அந்த ஓட்டையிலிருந்து முப்பதுக்கு மேல் வந்தன. மெத்தைகள் இரண்டு குப்பைக்குப் போயிருந்தன. பூச்சி மரத்துக்குள் இருந்தது.

ஈரோடு: இதனால் எய்ட்ஸ், மஞ்சள் காமாலை வருமா?

வராது. மூட்டைப்பூச்சி கடித்து மனிதருக்கு அப்படி நோய் பரவியதாக நிரூபணம் இல்லை. அரிப்பு, தூக்கக்கேடு, சொறிந்து புண்ணாவது, இவைதான் தொல்லை. புண் சீழ் பிடித்தால் டாக்டரிடம் போங்கள்.

தஞ்சாவூர்: நெல் மூட்டைக்குப் போடும் மாத்திரை வீட்டில் இருக்கிறது. இரண்டை மெத்தைக்கு அடியில் போட்டுக் கதவைப் பூட்டிவிட்டால் ஒரே நாளில் செத்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

கூடாது. தயவுசெய்து அந்த டப்பாவைத் திறக்கக்கூடச் செய்யாதீர்கள்.

அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலிருக்கிற ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்கிற விஷவாயு கிளம்பும். கிடங்கில் தார்ப்பாய் போட்டு மூடி, பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலை அது. வீட்டில் அந்த வாயு கதவிடுக்கு, ஏசிக் குழாய் ஓட்டை, பரண் வழியாகப் பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும். உடம்புக்குள் போய்விட்டால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. 2015-இல் கனடாவின் ஃபோர்ட் மெக்முரே நகரில் ஒரு குடும்பம், பாகிஸ்தானிலிருந்து கொண்டுவந்த இந்த வகை மாத்திரையை மூட்டைப்பூச்சிக்காகப் படுக்கையறையில் வைத்தது. இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். நம் ஊரிலும் 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பம் இரண்டு பிள்ளைகளை இழந்தது. பூச்சி கடித்து யாரும் சாவதில்லை. இந்த மாதிரி விஷத்தால் சாகிறார்கள்.

மதுரை: மருந்தெல்லாம் எதற்கு? எங்கள் தாத்தா சித்திரை வெயிலில் கட்டிலை மொட்டை மாடியில் போட்டுவிடுவார். ஒன்றுகூட மிஞ்சாது. இப்போது எல்லோரையும் பயமுறுத்திக் காசு பார்க்கிறீர்கள்.

உங்கள் தாத்தா செய்தது சரிதான். ஆனால் அவர் போட்டது கயிற்றுக் கட்டிலாக இருக்கும். கயிற்றுக் கட்டிலில் ஒளிய இடம் குறைவு, வெயில் இரண்டு பக்கமும் புகும். கூடவே கொதிக்கிற வெந்நீரையும் மூட்டுகளில் ஊற்றியிருப்பார், கேட்டுப் பாருங்கள். இன்றைய ஆறு அங்குல ஃபோம் மெத்தைக்கு அது பொருந்தாது.

மதுரை: வெந்நீர் ஊற்றுவார், உண்மைதான். ஆனாலும் 41 டிகிரி வெயிலில் எந்தப் பூச்சி தாங்கும்?

சேலம்: மதுரைக்காரர் சொல்வது சரி. நாங்களும் போன மே மாதம் மெத்தையைக் காய வைத்தோம். ஒரு மாதம் கடியே இல்லை.

ஒரு மாதம் கழித்து வந்ததா இல்லையா, அதையும் சொல்லுங்கள் சேலம்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த பூச்சி சாக 45 டிகிரி சூட்டில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். முட்டைக்கு அது போதாது. 48 டிகிரி, ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். 41 டிகிரி என்று நீங்கள் சொல்வது நிழலில் அளந்த காற்றின் சூடு. மெத்தையின் மேல்துணி அதைவிட நிறைய ஏறும், மறுக்கவில்லை. நானே ஒரு மே மாதம், மாடியில் கிடந்த ஃபோம் மெத்தையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். பகல் ஒன்றரை மணிக்கு மேல்பக்கம் 56, அடிப்பக்கத் தையலில் 38. பூச்சிக்குக் கால் இருக்கிறது. சூடு ஏற ஏற அது அடிப்பக்கம் போய்விடும். திருப்பிப் போட்டால் மறுபடி இந்தப் பக்கம். போதாததற்குத் தரையில் இறங்கி மாடிச் சுவர் விரிசலுக்குள் போய், அடுத்த வீட்டுக்காரர் காய வைத்த துணியில் ஏறிக்கொள்ளும்.

வேலூர்: அப்படியென்றால் எங்கள் ஊர் வெயிலும் வீணா?

வீணில்லை. பாய், போர்வை, மெல்லிய ஜமுக்காளம், தலையணை உறை இவற்றைக் கறுப்பு பாலிதீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, வெயிலில் நாள் முழுக்க வையுங்கள். பைக்குள் நிறையத் திணிக்காதீர்கள், நடுவில் சூடு போகாது. சாதாரணமாகக் காய வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் நிறைய. பையிலிருந்து அது தப்பி ஓட முடியாது.

சேலம்: ஆமாம் சார், ஜூலையில் திரும்ப வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டேன்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. வராமல் எப்படி இருக்கும்? கட்டில் வீட்டுக்குள்ளேயே இருந்ததே.

மதுரை: தாத்தாவைப் பற்றிச் சரியாகச் சொன்னீர்கள். அம்மாவிடம் கேட்டேன், கயிற்றுக் கட்டில்தானாம். கூடவே கட்டில் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் நிறுத்துவாராம்.

அது நல்ல பழக்கம். ஏறி வருவதைத் தடுக்கும். ஆனால் கட்டில் சுவரைத் தொடக்கூடாது, போர்வை தரையில் தொங்கக்கூடாது, கட்டிலுக்குள்ளேயே பூச்சி இருக்கக்கூடாது. வெறும் பிளாஸ்டிக் கிண்ணத்தை நம்பாதீர்கள். நம் வெப்ப நாட்டு வகை வழுவழுப்பான சுவரிலும் ஓரளவு ஏறிவிடும்.

திருவல்லிக்கேணி: மேன்ஷன் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். ஸ்ப்ரே வாங்கி அடித்து அடித்து ஓய்ந்துவிட்டோம். கடி தாங்காமல் நான் வராந்தாவில் படுக்கிறேன்.

தம்பி, முதலில் திரும்ப உங்கள் கட்டிலுக்கே போங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஆள் நகர்ந்தால் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் தேடிப் பூச்சியும் நகரும். ஒரு அறைத் தொல்லை இரண்டு இடத் தொல்லையாகும். கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே நேராகப் பட்டதை மட்டும் கொல்லும், மீதி சிதறிச் சுவிட்ச் போர்டுக்குள் போகும். மேன்ஷனில் ஒரு அறைக்கு மட்டும் செய்து பயனில்லை. இரண்டு பக்க அறை, மேல் அறை, கீழ் அறை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி உரிமையாளரிடம் கேளுங்கள். மூன்று பேரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

ஓசூர்: எந்த மருந்து நல்லது? பெயர் சொல்லுங்கள்.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் விவசாயக் கடையில் வாங்கி மெத்தையில் ஊற்றுகிறார்கள், பார்த்திருக்கிறேன். மருந்துக்குப் பழகிப்போவது மூட்டைப்பூச்சியின் பழைய குணம். டிடிடி என்கிற பூச்சி மருந்து வந்த புதிதில் எல்லோரும் இனித் தொல்லை முடிந்தது என்றார்கள். 1947-லேயே ஹவாயின் பேர்ல் ஹார்பரில் படைவீரர்கள் தங்கிய இடத்தில் அதற்குச் சாகாத பூச்சிகளைக் கண்டார்கள். இப்போது கொசுவுக்கு அடிக்கும் பைரித்ராய்டு வகைக்கும் உலகம் முழுக்க இதே கதை.

ஆள் கூப்பிடுவதாக இருந்தால் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா, என்ன மருந்து, எத்தனை முறை வருவார் என்று கேளுங்கள். ஒரே முறையில் முடிப்பேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். நம் சூட்டில் முட்டை ஆறிலிருந்து பத்து நாளில் பொரியும். அதனால் பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டாவது முறை, தேவைப்பட்டால் மூன்றாவது முறை வந்தாக வேண்டும்.

கோவை: வேப்பெண்ணெய், கற்பூரம், மண்ணெண்ணெய்?

முதல் இரண்டும் வாசனைக்கு. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், மெத்தை தீப்பிடிக்கும்.

தாம்பரம்: மகன் ஹாஸ்டலிலிருந்து தீபாவளிக்கு வருகிறான். அங்கே மூட்டைப்பூச்சி அதிகமாம். வீட்டுக்கு வராமல் தடுக்க முடியுமா?

முடியும். பையனைக் கட்டிப்பிடித்து வரவேற்றுவிட்டுப் பையை மட்டும் பால்கனியில் நிறுத்துங்கள். துணியை அங்கேயே ஒரு பாலிதீன் பையில் போட்டு நேராக வாஷிங் மெஷினுக்கு எடுத்துப் போய், 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெஷினில் சூடு இல்லையென்றால் பருத்தித் துணியைக் கொதிநீரில் ஊறப் போடுங்கள். சூடு தாங்காத துணியைத் தையல் தையலாக இஸ்திரி போடலாம், அல்லது பையில் கட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18-இல் நான்கு நாள் வைக்கலாம். காலிப் பையின் ஜிப் ஓரம், சக்கரம், உள்துணி மடிப்பு மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புத்தகத்தின் முதுகுப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அம்பத்தூர்: பழைய சோபா மலிவாக வருகிறது, வாங்கலாமா?

அடித்துணியைப் பிரித்துப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

திருச்சி: நெல் மாத்திரை ஒன்றே ஒன்று போட்டால்?

தஞ்சாவூருக்கு எழுதியதைப் படியுங்கள். ஒன்றும் கூடாது, பாதியும் கூடாது. இந்தக் கேள்வி இன்றைக்கு நான்காவது முறை வருகிறது. தஞ்சாவூர் தவிர மற்ற இரண்டையும் நான் இங்கே போடவில்லை.

பெரம்பூர்: கையில் தடிப்பு. கொசுவா, மூட்டைப்பூச்சியா?

முதல் பதில்.

நாகர்கோவில்: ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் பட்டினியில் செத்துவிடுமா?

சாகாது. மாதக்கணக்கில் ரத்தம் இல்லாமல் இருக்கும். நீங்கள் திரும்பி வரும்போது பசியோடு இருக்கும்.

கடலூர்: குழந்தைக்கு விரல் இடுக்கில், மணிக்கட்டில் அரிப்பு. இரவில் அதிகம். அம்மாவுக்கும் இருக்கிறது.

இது என் வேலை இல்லை, சிரங்காக இருக்கலாம். நாளைக்கே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் மருந்து எதுவும் அடிக்காதீர்கள்.

குரோம்பேட்டை: சார், நீங்கள் சொன்ன மாதிரி தலைமாட்டைக் கழற்றினோம். இடது பக்க போல்ட் ஓட்டையில் ஏழெட்டு இருக்கிறது. உடம்பெல்லாம் நடுங்குகிறது. இப்போது என்ன செய்ய?

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் அம்மா, இடம் தெரிந்துவிட்டது. கழற்றிய பலகையை வேறு அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், அங்கேயே சாய்த்து வையுங்கள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, கீழே ஒரு அகலத் தட்டு பிடித்து, ஓட்டைக்குள் மெதுவாக ஊற்றுங்கள்; கை பத்திரம், பக்கத்தில் பிளக் இருந்தால் மூடிவிடுங்கள். பிளைவுட் உப்பிவிடும் என்று தோன்றினால் துணிக்கு நீராவி காட்டும் மெஷினை ஓட்டையோடு ஒட்டிப் பத்து விநாடி பிடியுங்கள். வலது பக்க ஓட்டைக்கும் நான்கு கால் மூட்டுகளுக்கும் அதே மாதிரி. காய்ந்ததும் ஓட்டையை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிடுங்கள். இன்றைக்கு என்ன தேதி என்று கட்டில் சட்டத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பத்தாம் நாள் திரும்பக் கழற்றிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.