ஜாக்கி சான் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை? ஏன்?

யோசிக்கவே வேண்டாம், எனக்கு முதலில் ‘போலீஸ் ஸ்டோரி’ தான். 1985இல் வந்தது. அதே வருடம் வந்த ‘தி புரொடெக்டர்’ என்ற ஹாலிவுட் படத்தில் சண்டைகளை அவர் நினைத்த மாதிரி எடுக்க விடவில்லை. அந்த ஆற்றாமையோடு ஹாங்காங்கில் தானே இயக்கி நடித்த படம் இது.

தொடக்கத்தில் மலைச்சரிவுக் குடிசைகளை இடித்துக்கொண்டு கார்கள் இறங்கும். அப்புறம் ஓடும் பஸ்ஸில் ஒரு குடையின் கைப்பிடியை மாட்டித் தொங்குவார். இதெல்லாம் போக, நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கடைசியில் ஷாப்பிங் மாலில் நடக்கும் சண்டை. உடைந்த கண்ணாடிக்குக் கணக்கே இல்லை, படக்குழுவினரே ‘கிளாஸ் ஸ்டோரி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். அதன் உச்சத்தில், சீரியல் பல்பு சுற்றிய ஒரு உயரமான கம்பத்துக்கு மேல்மாடியிலிருந்து தாவுகிறார். பல்புகள் வெடிக்க வெடிக்கச் சறுக்கிக்கொண்டு வந்து, கீழே இருக்கும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறார். உள்ளங்கைகள் வெந்துவிட்டன, முதுகெலும்பிலும் அடி. அந்த ஒரு விழுதலை வேறு வேறு கோணங்களில் மறுபடி மறுபடி காட்டுவார்கள். டூப் கிடையாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

அவர் படங்களில் அடி வலிக்கும். எனக்கு அவரைப் பிடிக்க அதுதான் காரணம். ஒருவனைக் குத்திவிட்டுத் தன் கையை உதறிக்கொள்வார், வலியில் முகம் கோணும். புரூஸ் லீயிடம் இதைப் பார்க்க முடியாது. அவர் மறைந்த பிறகு இயக்குநர் லோ வெய், ஜாக்கியை இன்னொரு புரூஸ் லீயாக ஆக்கப் பார்த்தார். 1976இல் ‘நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ எடுத்தார், ஓடவில்லை. முறைத்துக்கொண்டு நிற்கும் அந்த வேஷம் அவருக்குப் பொருந்தவே இல்லை.

அவர் அவராக வந்தது 1978இல், யுவென் வூ-பிங் இயக்கிய இரண்டு படங்களில். அதில் ‘ட்ரங்கன் மாஸ்டர்’ என் இரண்டாவது இடம். அதன் நாயகன் வோங் ஃபெய்-ஹங், தென் சீனாவின் குவாங்டாங் பகுதியில் நிஜமாகவே வாழ்ந்த பெரிய வீரர், வைத்தியர். அவரை அடங்காத பையனாகக் காட்ட ஒரு துணிச்சல் வேண்டும். குடிபோதையில் இருக்கும் எட்டு தெய்வங்களைப் போல ஆடிக்கொண்டே சண்டை போடும் முறையைக் குரு கற்றுத்தருகிறார், அதில் கடைசியாக வருவது ஒரு பெண் தெய்வம். பெண் மாதிரி ஆடுவதா என்று பையன் அதை மட்டும் கற்காமல் விட்டுவிடுவான். இறுதிச் சண்டையில் மற்ற ஏழும் போதாமல் போக, அந்த எட்டாவதை அங்கேயே தானாகக் கட்டி ஆட வேண்டி வரும். சண்டைக்குள்ளேயே இவ்வளவு அழகாகக் கதை சொன்ன படம் நான் வேறு பார்த்ததில்லை. குருவாக நடித்த கிழவர் இயக்குநரின் சொந்த அப்பா.

1994இல் வந்த ‘ட்ரங்கன் மாஸ்டர் 2’வையும் விட மாட்டேன். அப்போது ஜாக்கிக்குக் கிட்டத்தட்ட நாற்பது வயது. இரும்பாலையில் நடக்கும் கடைசிச் சண்டையில் எதிரே கென் லோ, கால் கீழே இறங்காமலே உதைத்துக்கொண்டிருப்பார். நிஜமான தணல் மேல் ஜாக்கி பின்பக்கமாகத் தவழ்ந்து போகும் ஷாட் அதில்தான் இருக்கிறது.

‘ப்ராஜெக்ட் ஏ’ (1983) மணிக்கூண்டுக் காட்சிக்காக. கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கி, கை நழுவி, துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுவார். ஹரால்ட் லாய்ட் 1923இல் மௌனப் படத்தில் கடிகாரத்தில் தொங்கினார், அதற்கு ஜாக்கி செய்த மரியாதை இது. கூட நடித்த சாம்மோ ஹங், யுவென் பியாவ் இருவரும் சிறு வயதில் அவரோடு ஒரே சீன ஓபரா பள்ளியில் பயின்றவர்கள். மூவரும் சேர்ந்து வரும் சண்டைகளில் ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குத் தெரிகிறது.

ஹாலிவுட் படங்களில் ‘ரஷ் ஹவர்’ (1998) ஜாலியாகப் போகும், சரி. ஆனால் ஷாட்டை வெட்டி வெட்டி ஒட்டுவதால் அடி எங்கே விழுகிறது என்றே தெரியாது.

புதிதாகப் பார்ப்பவர்கள் ‘போலீஸ் ஸ்டோரி’யில் தொடங்குங்கள். தமிழ் டப்பிங் வேண்டாம், ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழி ஒலியோடு பாருங்கள். பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். தவறிப்போன டேக்குகளும், அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அப்போதுதான் வரும்.