ரூபாய் சரிந்தால் ஏற்றுமதியாளருக்குக் கொண்டாட்டம்தானே?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ரூபாயின் மதிப்பு குறைந்தால் நம் பொருள் வெளிநாட்டில் மலிவாகும், ஏற்றுமதி பெருகும், நாடு வளரும் என்கிறார்களே. பிறகு எதற்குக் கவலை?"

நான் 2004 முதல் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு டி-சர்ட்டுக்குப் பையரிடம் (சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திடம்) என்ன விலை சொல்லலாம் என்று கணக்கிட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டிய நாளில் என் சித்தப்பா ஊரிலிருந்து அழைத்தார். "இனி உங்களுக்கெல்லாம் யோகம்தான்" என்றார். மனதார மகிழ்ந்துதான் சொன்னார். அன்று அவருக்கு விளக்க நேரம் இல்லை. உங்கள் கேள்வியும் அதுவேதான் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

ரூபாய் உயர்ந்தபோது நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். 2007 பிப்ரவரியில் நாங்கள் ஓர் உருப்படி 2.40 டாலர் என்று 50,000 உருப்படிக்கு ஆர்டர் எடுத்தோம். அன்று டாலருக்கு 44 ரூபாய். ஆக, உருப்படிக்கு 105 ரூபாய் 60 காசு. நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், தூத்துக்குடி வரை லாரி வாடகை எல்லாம் போக 6 ரூபாய் நிற்கும் என்பது கணக்கு. சரக்கு கப்பலேறிப் பணம் வந்து சேர்ந்தது ஜூலையில். அதற்குள் டாலர் ஏறக்குறைய 40 ரூபாய் 50 காசுக்கு இறங்கியிருந்தது. கைக்கு வந்தது 97 ரூபாய் 20 காசு. 3 லட்சம் லாபம் என்று நான் எழுதி வைத்திருந்த தாளில், 1 லட்சத்து 20 ஆயிரம் நட்டம் என்று நானே திருத்தி எழுதினேன். தையலில் ஒரு பிழை இல்லை, ஷிப்மென்ட் ஒரு நாள் தாமதமில்லை. செய்ய வேண்டிய எல்லாவற்றையும் சரியாகச் செய்து நட்டப்பட்டோம்.

ரூபாய் ஏன் அப்படி உயர்ந்தது? நாடு நிறைய விற்றதால் அல்ல. அப்போதும் நம் இறக்குமதிதான் ஏற்றுமதியைவிட அதிகம். பங்குச் சந்தையைத் தேடி அந்நியப் பணம் வெள்ளமாக வந்தது. வந்த டாலரெல்லாம் ரூபாயைக் கேட்டது. ரூபாயின் விலை ஏறியது. அந்த அக்டோபரில் சென்செக்ஸ் முதன்முறையாக 20,000 புள்ளிகளைத் தொட்டது. அதே மாதம் எங்கள் நிறுவனத்தில் இரவு ஷிப்ட் நின்றது. தேனி, திண்டுக்கல் பக்கத்து மானாவாரி நிலங்களை விட்டு வந்து, லைன் வீடுகளில் குடியிருந்த குடும்பங்கள் தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு பாத்திரம் பண்டங்களோடு பஸ் ஏறின. பலர் திரும்பி வரவில்லை. மழையை மட்டுமே நம்பியிருந்த ஒரு பெண்ணுக்கு வாரா வாரம் சனிக்கிழமை கூலி கிடைக்கிறதே, வளரும் நாட்டில் வளர்ச்சி என்பதை நான் அங்கேதான் பார்க்கிறேன். ஆகவே ரூபாயின் மதிப்பை நாட்டின் மானத்தோடு முடிச்சுப் போட்டு, உயர்ந்தால் பெருமை, இறங்கினால் அவமானம் என்று பேசுவதை நான் ஏற்கவில்லை.

ரூபாய் இன்னும் உயர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் அப்போது நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாற்று விகித ஆபத்தைத் தடுக்கப் பார்வர்டு கான்ட்ராக்ட் என்ற எளிய வழி உண்டு: ஆறு மாதம் கழித்து வரும் டாலரை இன்ன விலைக்குத் தருகிறேன் என்று வங்கியோடு இன்றே ஒப்பந்தம் போட்டுக்கொள்வது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒரு வங்கியின் அதிகாரிகள் வந்து, டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையிலான விகிதத்தை வைத்து ஓர் ஆப்ஷன் ஒப்பந்தத்தை முதலாளியிடம் விளக்கினார்கள். விகிதம் குறித்த எல்லைக்குள் நின்றால் நமக்கு ஆதாயம், தாண்டினால் நாம் வங்கிக்குப் பணம் கட்ட வேண்டும். "நம் சரக்கு சுவிட்சர்லாந்துக்குப் போவதே இல்லையே" என்று நான் கேட்டேன். செலவில்லாத பாதுகாப்பு என்றார்கள். முதலாளி கையெழுத்திட்டார். 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே போனது. 20 ஆண்டுகள் பனியன் தைத்துச் சேர்த்ததைவிடப் பெரிய தொகையை வங்கி கேட்டது. திருப்பூரில் எங்களைப் போலப் பலர் சிக்கினார்கள், வழக்குகள் நடந்தன. இத்தகைய ஒப்பந்தங்களில் விதிகளை மீறியதற்காக ரிசர்வ் வங்கி 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. எங்கள் முதலாளி அதற்குள் கடையை மூடிவிட்டார். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

சரி, ரூபாய் இறங்கினால்? 2013 மே மாதம் 55 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. அப்போது நான் வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். கொண்டாட்டம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. "உங்கள் நாணயம் சரிந்திருக்கிறது, விலையில் 10 சதவீதம் குறையுங்கள்" என்று பையரிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. நம் ரூபாயின் போக்கை நம்மைவிடக் கூர்ந்து பார்ப்பவர்கள் அவர்கள்.

கேள்வியின் முதல் பகுதியே இங்கேதான் இடறுகிறது. ரூபாய் சரிந்ததும் நம் பொருள் தானாக மலிவாவதில்லை. நாங்கள் விலை பேசுவது டாலரில். பையர் பார்க்கும் 2.40 டாலர், ரூபாய் 44 ஆனாலும் 68 ஆனாலும் 2.40 டாலர்தான். நாங்களாகக் குறைத்தால்தான் குறையும். குறைத்தால் அந்த ஆதாயம் பையருக்குப் போய்விடும். பொருளியலாளர் கீதா கோபிநாத் இதை உலக அளவில் ஆராய்ந்து காட்டியவர். இந்தியாவின் இறக்குமதியில் சுமார் 86 சதவீதத்துக்கு டாலரில் விலை போடப்படுகிறது, ஆனால் அமெரிக்காவிலிருந்து வருவது சுமார் 5 சதவீதம்தான் என்று அவர் எடுத்துச் சொன்னார்.

அந்த இறக்குமதிதான் அடுத்த அடி. சாயமும் ரசாயனமும் ஊசியும் தையல் இயந்திரமும் வெளியிலிருந்து வருகின்றன. டீசல் விலையும் டாலரைப் பின்தொடர்கிறது. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டை நினைத்துப் பாருங்கள்; பாதி நாள் ஜெனரேட்டரில்தான் ஓட்டினோம். பஞ்சு உள்நாட்டில் விளைகிறதே என்பீர்கள். உலகச் சந்தையில் டாலரில் விற்கும் பொருள் அது. ரூபாய் சரிந்தால் பஞ்சையும் நூலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவது அதிக ஆதாயம் என்பதால், உள்ளூர் விலையும் மேலே இழுக்கப்படுகிறது. 2022-இல் ரூபாய் கிட்டத்தட்ட 10 சதவீதம் சரிந்த ஆண்டில்தான், நூல் விலை தாங்காமல் மே மாதம் திருப்பூரே இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது.

அப்படியானால் நாணய மதிப்பைக் குறைத்து எந்த நாடும் முன்னேறவில்லையா? முன்னேறியிருக்கிறது. 1960-களில் இரண்டு நாடுகள் இரண்டு ஆண்டு இடைவெளியில் இதைச் செய்தன. தென் கொரியா 1964 மே மாதம் டாலருக்கு 130 வொன் என்பதை ஏறக்குறைய 255 ஆக்கியது. இந்தியா 1966 ஜூன் 6 அன்று 4.76 ரூபாயை 7.50 ஆக்கியது. கொரியா அதோடு ஏற்றுமதி செய்பவருக்குக் குறைந்த வட்டிக் கடன் கொடுத்தது. ஏற்றுமதிக்கான மூலப்பொருளுக்குச் சுங்கம் நீக்கியது. அதிபர் பார்க் சுங் ஹீ மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டத்தில் வந்து அமர்ந்தார். 1964-இல் 10 கோடி டாலரைத் தொட்ட ஏற்றுமதி 1977-இல் 1,000 கோடியானது. நாம் என்ன செய்தோம்? மதிப்பைக் குறைத்த அதே கையோடு ஊக்கச் சலுகைகளை நீக்கி, சணலுக்கும் தேயிலைக்கும் ஏற்றுமதித் தீர்வை போட்டோம். முந்தைய ஆண்டின் வறட்சி அந்த ஆண்டும் தொடர்ந்தது. உணவு தானியத்துக்கே வெளிநாட்டை எதிர்பார்த்திருந்த நேரம் அது. விலைவாசி ஏறியதுதான் மக்களுக்கு நினைவில் நின்றது, ஏற்றுமதி எழவில்லை.

மலிவான நாணயம் விற்பவனுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும், அவ்வளவுதான். அந்த இடத்தில் நூலும் மின்சாரமும் கடனும் சுங்கச் சலுகையும் இருந்தால் தொழில் வளரும். ஐரோப்பாவுக்குப் போகும் பங்களாதேஷ் சட்டைக்குத் தீர்வை கிடையாது. 2013-இல் நம் சட்டைக்கு 9.6 சதவீதம். ரூபாய் 10 சதவீதம் சரிந்தால் அந்தப் பள்ளம்தான் நிரம்பும். எங்களைப் போன்ற தொழில்களுக்கு வேண்டியது சற்றே மலிவாக இருந்து, துள்ளாமல் நகரும் ரூபாய். 44-இலிருந்து 40-க்கு ஐந்து மாதத்தில் போவதும், 55-இலிருந்து 68-க்கு மூன்று மாதத்தில் போவதும் எங்களுக்கு ஒரே மாதிரியான கேடுதான். எந்த விலைக்கு ஆர்டர் எடுப்பது என்றே தெரியாமல் போய்விடுகிறது.

இனி சித்தப்பாவின் 90 ரூபாய்க்கு வருகிறேன். 2025 தொடக்கத்தில் டாலர் 85 ரூபாய் 60 காசு அளவில் இருந்தது. ஆண்டு முழுவதும் சேர்ந்து ரூபாய் எங்களுக்குக் கொடுத்தது 5 சதவீதம். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்கின் மீது விதித்த கூடுதல் வரி 50 சதவீதம். அமெரிக்கப் பையர் ஒருவர், வரியில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்றால் ஆர்டரைத் தொடர்கிறேன் என்றார். சித்தப்பா அழைத்தபோது நான் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். 90 ரூபாயை வைத்தும் அது கட்டுப்படியாகவில்லை.